தாய் சொல்லாத வரி

வாசித்தவர் அந்த வரியில் நிறுத்தினார். நிறுத்த வேண்டியிருந்தது, பந்தலுக்குள் எழுந்த அழுகையில் அவருடைய குரல் அமிழ்ந்துபோயிற்று. எங்கள் தீவில், புளியங்கூடலில் ஒரு வீட்டு முற்றம், முப்பத்தோராம் நாள் காரியம், எண்பதுகளின் நடுப்பகுதி. பெண்கள் பக்கத்தில் அக்காவோடு ஒட்டிக்கொண்டு நான் இருந்தேன். ஆண்கள் பக்கம், கதிரைகளின் கடைசி வரிசையில், அந்த வரியை எழுதிய அத்தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அழுகை அலையாக வந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது. அவ்வளவு பேருக்குள்ளும் அழாமல் இருந்தவர் ஒருவர்தான். எவருடைய வாயில் அந்த வரி வைக்கப்பட்டிருந்ததோ அவர். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் தாய்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். சங்கக்கடை மனேச்சர். பகல் முழுக்க அரிசி, சீனி, மண்ணெண்ணெய். மிச்ச நேரத்தில் பாட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். பெயர்தான் கல்வெட்டு, கையில் வருவது இறந்தவரின் படமும் வரலாறும் போட்ட சிறு புத்தகம். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தாய் புலம்பல் என்று வீட்டாருடைய பெயரில் பாட்டுகள் இருக்கும். வீட்டார் அவற்றை எழுதுவதில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் ஆண்கள் போய் உறவுமுறையைச் சொல்வார்கள், அவர் அழுகையைச் செய்து கொடுப்பார். அழப்போகிறவரிடம் ஒரு சொல் கேட்கிற வழக்கம் கிடையாது.

அத்தானுக்கு இந்தப் புலம்பல்கள்மேல் மதிப்பே இல்லை. “அழுகிற வீட்டில அழப்பண்ண ஒரு ஆள் வேணுமே?” என்பார். அவர் நெஞ்சில் வைத்திருந்தது அம்மன் கோயிலுக்குக் கட்டிய ஊஞ்சற்பாட்டு. வருஷக் கணக்காகத் தட்டித் தட்டித் திருத்தியது. ஊர் அதைக் கேட்டுத் தலையாட்டியது, பிறகு கொட்டாவி விட்டது. “நீங்கள் படிக்கப் படிக்க அம்மாள் ஊஞ்சலிலயே நித்திரையாப் போனா” என்று அக்கா பகிடி பண்ணுவாள். சங்கக்கடை வாசலில் நிற்பவர்களோ புலம்பலைத்தான் மெச்சுவார்கள். “மனேச்சர், நான் செத்தால் நீர்தான் எழுதவேணும். போன முறை நீர் எழுதினதைக் கேட்டு, மாமியோட முகம் பாராத மருமோள் விழுந்து கிடந்து அழுதவள்.” அத்தான் அரிசியை நிறுத்தபடியே, “அவளுக்கு அழ வேற காரணம் இருந்திருக்கும்” என்பார். கிழவர்களுக்கு எழுதிப் பழகிய அந்தக் கை, அந்த வருஷங்களில் இளந்தாரிகளுக்கு எழுதத் தொடங்கியிருந்தது.

அந்தப் பிள்ளை அனலைதீவுக்குப் புகையிலை பார்க்கப் போனவன். திரும்பிய படகு கரைக்கு வரவில்லை. கடலில் வெடிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். யார் சுட்டது என்று யாரும் உரத்துச் சொல்லவில்லை. கூடப் போன இருவரும் பிணமாக ஒதுங்கினார்கள். அவன் ஒதுங்கவில்லை. கரை கரையாகத் தேடி ஓய்ந்த தகப்பன், தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிட்டு அத்தானிடம் வந்தார். தாய் மட்டும் வாசற்கதவைப் பூட்டவிடாமல் வைத்திருந்தார்.

இந்த முறை அத்தான் வேறு ஆளாக இருந்தார். அந்தப் பிள்ளை சங்கக்கடையில் வந்து அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பவன். ஊஞ்சற்பாட்டை முழுதாகக் கேட்டு, ஓரடி நொண்டுகிறது என்று சொன்ன ஒரே ஆள். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்து எழுதினார், வெட்டினார், எழுதினார். ஒரு மத்தியானம் குசினி வாசலில் நின்று அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

உப்புக் கடல்குடித்து உறங்கினையோ என்மகனே
ஒப்புக் கொடுத்தேனே உன்னையந்த நீருக்கே

அக்கா அகப்பையோடு அப்படியே நின்றாள். “நல்லா வந்திருக்கு” என்றார் அத்தான். தன் புலம்பல் ஒன்றைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அவருடைய கணிப்பும் ஊரின் கணிப்பும் ஒரே பாட்டில் வந்து சந்தித்ததும் அந்த ஒருமுறைதான்.

வாசிப்பு முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அத்தானின் கையைப் பிடித்தார்கள். அந்தத் தாய் குசினிப் பக்கத்தால் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, நீர்தானே எழுதினது?”

“ஓம் அக்கா.”

“நான் அவனை ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை. கடலுக்கும் குடுக்கேல்லை. பிறகேன் குடுத்தனான் எண்டு என்ர பேரில எழுதினனீர்?”

சத்தம் போடவில்லை. சங்கக்கடையில் நிறை குறைந்ததைச் சொல்கிறவர் போலக் கேட்டார். தகப்பன் ஓடி வந்து, “அவவுக்கு மனம் சரியில்லை, நீர் ஒண்டும் நினையாதையும்” என்று கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற ஒருவர் அத்தானின் முதுகைத் தட்டினார். “மனுசிக்கு இப்பதான் பிள்ளை போனது விளங்கியிருக்கு. உம்மட பாட்டின்ர கெட்டித்தனம் அது.”

அத்தான் அன்று அந்த வீட்டில் சாப்பிடவில்லை. சில நாள் கழித்து, தனியே போகத் துணியாமல் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். “அக்கா, அவனுக்கு நீங்கள் என்ன சொல்லுவியளோ அதைச் சொல்லுங்கோ. அப்பிடியே எழுதித் தாறன்.” அந்தத் தாய் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழை வரப்போகுது, சைக்கிளை உள்ளுக்க எடுத்து வை எண்டு சொல்லுவன்.” வேறு என்ன என்று அத்தான் கேட்டார். “வேற என்ன. சாப்பிட்டியோ எண்டு கேப்பன்.” அந்த இரண்டு பேச்சையும் பாட்டாக்க அத்தான் மாதக்கணக்காக அலைந்தார். எழுதிய ஒவ்வொரு முறையும் அது புலம்பலாகவே வந்தது. எதுகை விழுந்த இடமெல்லாம் பிள்ளை செத்துப்போனான். பிறகு எவருக்கும் அவர் கல்வெட்டு எழுதவில்லை. தலைக்கனம் என்றது ஊர்.

தொண்ணூறில் ஆமி வந்து இறங்க, தீவே கிளம்பி ஓடியது. பாதி வழியில் அத்தான் சைக்கிளை அந்த வீட்டுக்குத் திருப்பினார். பின்னாலிருந்து நான் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தகப்பன் அதற்கு முன்பே இறந்திருந்தார். தாய் தனியாக வாசலில் நின்றார்.

“வாங்கோ அக்கா, இனி இஞ்ச இருக்க ஏலாது.”

“நானும் வெளிக்கிட்டால் நீர் எழுதினது சரியெண்டு ஆயிடும், தம்பி. நீர் போம்.”

எங்களில் எவரும் பிறகு அவரைக் காணவில்லை. அத்தான் தொண்ணூற்றைந்தில், மறுபடியும் ஓடிய வழியில், காய்ச்சலில் போனார். அவருக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

இன்று எங்கள் ஊரவர் சிதறிய தேசங்களில் எல்லாம் அந்தப் பாட்டு இருக்கிறது. மரண அறிவித்தல்களில், ஆண்டு நினைவுகளில், எழுதியவர் பெயரில்லாமல். கடலையே காணாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தவர்களும் அதில் உப்புக் கடல் குடிக்கிறார்கள். போன கிழமை ஒரு வீட்டில் ஒருத்தி அதைக் கைபேசியில் எனக்குக் காட்டினாள். “ஆர் எழுதினதோ தெரியாது அக்கா. பெத்தவள்தான் எழுதியிருக்கோணும்.” வாங்கிப் படித்தேன். நல்ல பாட்டுத்தான், அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டாம் அடியில் என் கண் நிறைந்து வழிந்தது. அந்த நேரத்தில் நானும் அவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.