அணைய வேண்டிய பல்பு

"எங்க போற? உன் வீடு அது இல்ல. நீ அடுத்த வீடு."

லாண்ட்ரி அக்கா இப்படி அதட்டுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையை அல்ல. நெல்மணியைவிடச் சற்றே பெரிய, ரெசிஸ்டர் என்ற ஒரு மின்பாகத்தை. மூக்கு நுனியில் கண்ணாடி, வலது கையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன், இடது கை இடுக்கியில் அந்த அடங்காப்பிடாரி. அதன் காலை நேராக்கி, பச்சைப் பலகையில் அதற்குரிய துளையில் நுழைத்து, பலகையைத் திருப்பி ஈயம் வைத்து, "உக்காந்துட்டியா? அப்படியே இரு" என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அடுத்ததை எடுப்பார். ஒலியைக் கூட்டித் தரும், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர் ஒரு அட்டைப் பெட்டியில் வரும்: பலகை, டிரான்ஸ்பார்மர், கைப்பிடி அளவு சில்லறைச் சாமான்கள், எப்படிப் பூட்டுவது என்று ஒரு படம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். அக்காவுக்கு ஒரு மாதம் பிடிக்கும். ஒவ்வொன்றிடமும் குசலம் விசாரிக்க வேண்டாமா?

தெருமுனைச் சலவைக்கடை அவருடையது. பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டி, பொழுது சாய்ந்தால் சால்டரிங் அயர்ன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பங்கரையிலேயே குடித்தனம் நடத்துகிறது. காய்த்துப்போன கட்டைவிரலைக் காட்டி, "இதுக்குச் சுடாது. சுட்டாலும் வெளியே சொல்லாது" என்று சிரிப்பார்.

கடைப் பழக்கம் மேசைக்கும் வந்துவிட்டது. பெட்டி வந்த அன்றே சாமான்கள் எல்லாவற்றுக்கும் துணிக்குப் போடுவதுபோல நம்பர் சீட்டு போட்டு, பழைய இஸ்திரி மெத்தை ஒன்றில் குண்டூசியால் வரிசையாகக் குத்திவிடுவார். "நம்ம கடையில ஒரு கால் சாக்ஸ் மாறிப் போயிருக்குமா? அப்ப இங்க மட்டும் எப்படி மாறும்?" பாகம் மாறியதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிடுங்கிய குண்டூசியை உடனே டப்பாவில் போடுகிற வழக்கம் கிடையாது. உதட்டில் கவ்விக்கொள்வார். கவ்விய வாயோடுதான் ரெசிஸ்டரை அதட்டுவார். ஊசி எங்கே நிற்கும்? கூடத்து மேசைப் பக்கம் செருப்பில்லாமல் போக வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அதிகம் குத்து வாங்கியவர் கணவர். பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன், விசில், "நிறுத்தத்துல நிறுத்தத் தெரியாதா" என்ற வசவு. வீடு திரும்பியதும் டீயை எடுத்துக்கொண்டு மனைவிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஆம்ப்ளிஃபயரில் அவருக்கு அ, ஆ தெரியாது. ஈயம் உருகும் வாசனையும், மனைவி யாரையோ செல்லமாகத் திட்டுகிற முணுமுணுப்பும் சேர்ந்தால்தான் அவருக்கு அன்றைய வண்டி ஷெட்டுக்குள் வந்து சேரும். இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. கேட்டால், "டீ ஆறட்டும்னு உக்காந்திருக்கேன்" என்பார்.

இதுவரை பூட்டியவை மூன்று. முதல் செட்டு போட்டதும் புகைந்தது. இரண்டாவது, வண்டு புகுந்தமாதிரி ரீங்கரித்தது; மாமியார் விசிறியோடு வீடெல்லாம் அந்த வண்டைத் தேடினார். மூன்றாவது ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டுக் கண்ணை மூடியது. அக்கா எதையும் தூக்கி எறியவில்லை. வெளுத்த துணியில் சுற்றி, அதே கூடத்தில் இருக்கும் மாமியார் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருக்கிறார்.

கொழுந்தனார் டிவி, ஸ்பீக்கர் விற்கும் பெரிய கடையில் விற்பனையாளர். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு மூன்று படி அவல் கிடைத்தால் விடுவாரா?

"அண்ணி, எங்க கடையில ரெடிமேடா இருக்கு. பிரிக்கணும், செருகணும், பாட்டு கேக்கணும். அவ்வளவுதான்."

"அதுல எனக்கு என்ன வேலை இருக்கு தம்பி?"

ஆனால் நான்காவது பெட்டியைப் பிரித்த அன்று அக்கா வேறு ஒன்று சொன்னார். "இதுவும் புகைஞ்சுதுன்னா அயர்னை உங்க கடை ரிப்பேர்காரருக்கே குடுத்துடுங்க தம்பி. உங்க ரெடிமேடையே கொண்டாந்து வைங்க. எனக்கும் கண்ணு வலிக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொழுந்தனாரும் சிரித்தார். டிரைவருக்குத்தான் டீ இறங்கவில்லை. அன்று மாலை மனைவி ஒரு ரெசிஸ்டரைக்கூடத் திட்டாமல் வேலை செய்ததை அவர் கவனித்திருந்தார். கடையில் வாங்கிய செட்டு பளபளவென்று பாடும், எதிரே இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கவே அவருக்கு பயமாக இருந்தது.

போன ஞாயிறு மாலை செட்டு தயார். கொழுந்தனார் விலைப் பட்டியலோடு வந்துவிட்டார். மாமியார் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா மேசைமேல் ஒரு பல்பு பொருத்திய பலகையை வைத்தார். மின்சாரம் நேராகச் செட்டுக்குள் போகாது; இந்த பல்பைக் கடந்துதான் போகும். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்து அணைந்துவிடும். எங்காவது தப்பு இருந்தால் நின்று எரியும்.

"விளக்கு அணையணும்னு காத்துக்கிட்டு இருக்கிற வீடு ஊர்ல இது ஒண்ணுதான்" என்றார் மாமியார்.

அக்கா சுவிட்சைப் போட்டார்.

பல்பு எரிந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கூடமே வெளிச்சமாகிவிட்டது. டிரைவர், பச்சை விழாத சிக்னலைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் பட்டியலை விரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர் நல்லவர்.

அக்கா சுவிட்சை அணைத்தார். அயர்னின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். இஸ்திரி போட்ட சட்டைக் கையை மடிப்பதுபோல, நிதானமாக, ஒரு சுருக்கம் விழாமல்.

"ஏம்மா, இன்னொரு தடவை பாரேன்" என்றார் டிரைவர்.

"பாத்தாச்சுங்க. எல்லாம் அதது வீட்டுல இருக்கு. ஒண்ணுகூட மாறல. அப்புறமும் எரியுதுன்னா எனக்கு இவ்வளவுதான் வரும்."

டிரைவர் கை சும்மா இருக்க மாட்டாமல் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார். வந்தவர், "ஆ" என்று காலைத் தூக்கினார். அவசரத்தில் செருப்பை மறந்திருந்தார். குதிகாலில் குண்டூசி. நாற்காலியில் சாய்ந்து அதைப் பிடுங்கி, வழக்கம்போல அலுத்துக்கொண்டார்.

"வாயில வச்சுக்கிட்டுப் பேசாதேன்னு எத்தனை தரம் சொல்றது? பேசப் பேச உதிருது. தரையெல்லாம் ஊசி. தரையில மட்டுமா, போன வாரம் டீ டம்ளருக்குள்ள ஒண்ணு கிடந்துச்சு."

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா அவர் விரலிடுக்கில் இருந்த ஊசியைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். பிறகு அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரையைக் கழற்றி, பலகையை மெல்லத் தூக்கி டார்ச் அடித்தார். பலகைக்கு அடியில், இரண்டு ஈயப் புள்ளிகளுக்கு நடுவே பாலம் போட்டதுபோல, ஒரு குண்டூசி சுகமாகப் படுத்திருந்தது.

"அடப்பாவி" என்றார் அக்கா. அது ஊசிக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

ஊசியை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டார். உதட்டில் அல்ல, டப்பாவில். பலகையைப் பூட்டி மறுபடி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்றது, மங்கியது, உள்ளே ஒரு சிவப்புக் கம்பியாகி அணைந்தும் போனது. கூடம் பழையபடி மாலை வெளிச்சத்துக்குத் திரும்பியதும் முதலில் கைதட்டியவர் கொழுந்தனார்தான். விற்பனை போனதே என்ற வருத்தம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

பல்பை விலக்கிவிட்டு அக்கா ரேடியோவையும் ஸ்பீக்கரையும் இணைத்தார். பாட்டு வைக்கவில்லை. "பாட்டு ஏமாத்தும் தம்பி, பேச்சு ஏமாத்தாது" என்பது அவர் கட்சி. செய்தி வாசிப்பவர் நாளைய மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நால்வரும் வேறெதுவும் உலகத்தில் இல்லாததுபோல அந்த மழையைக் கேட்டார்கள். வண்டு இல்லை, கரகரப்பு இல்லை. வாசிப்பவர் எச்சில் விழுங்கியது கேட்டது. காகிதத்தைப் புரட்டியதும் கேட்டது.

"பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்குடி" என்றார் மாமியார்.

"நாளைக்கு வெளியே துணி காயப் போட முடியாது அத்தை" என்றார் அக்கா. டிரைவர் காலைத் தடவுவதுபோலக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அயர்ன் யாருக்கு அண்ணி? எங்க ரிப்பேர்காரரு காத்துக்கிட்டிருக்காரு" என்று கொழுந்தனார் கேட்டார்.

அக்கா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். ரேடியோவைச் சின்னதாக்கினார். கட்டிலருகே போய் மண்டியிட்டார். மாமியார் கேட்காமலே காலைத் தூக்கிக்கொண்டார். அடியிலிருந்து முதல் செட்டை இழுத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

உள்ளே ஏதோ கிணுங்கென்றது.