அஸ்ஸாம் விமான மைதானத்தில் நின்ற ரத்தினம்மா சிஸ்டர்

செய்தியைக் கொண்டுவந்தவர் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர். காலை நோயாளிகளுக்கு நான் மருந்து கலந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றவர் வழக்கம்போல இருமல் மருந்து கேட்பார் என்று நினைத்தேன். "பாரூர்லருந்து சொல்லி அனுப்பிச்சாங்க. நம்ம சிஸ்டரம்மா நேத்து சாயங்காலம் போயிட்டாங்களாம்" என்றார். வரிசையில் நின்ற ஒரு பெண் என்னவென்று கேட்க, பக்கத்தில் நின்றவர் கன்னடத்தில் சொன்னார். அவள் கையிலிருந்த புட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மருந்தைக் கலந்து முடித்தேன். சிஸ்டர் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

ஓசூர்ப் பக்கத்து எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்துபோன யாருக்கும் ரத்தினம்மாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர் அவர். ஆனால் இங்கே வருவதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். கம்பவுண்டராக அவரோடு வேலை பார்த்த எனக்கே அது துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. பூர்வீகம் பாரூர். தகப்பனார் ரங்கூனில் அரிசி மில் குமாஸ்தா. ரத்தினம்மா அங்கேயே வளர்ந்து, அங்கேயே நர்ஸ் படிப்பை முடித்தார். யுத்தம் ரங்கூனுக்கு வந்தபோது தாயாருடனும் தம்பியுடனும் கப்பலேறி மதராஸ் வந்தார். பிறகு ராணுவ நர்ஸாகி அஸ்ஸாமுக்குப் போனார். யுத்தம் முடிந்து சில காலம் கழித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த புதிதில் ஒரு சந்தை நாள். பெங்களூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் மிகவும் தாழ்வாக வந்தது. வரிசையில் நின்றவர்கள், சந்தைக்கு வந்தவர்கள், எங்கள் டாக்டர், நான் எல்லோரும் வெளியே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ரத்தினம்மா வார்டிலிருந்து ஓடிவந்தார். "எல்லாரும் உள்ள வாங்க. கூரைக்கு அடியில வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கையைப் பிடித்து இழுத்துப்போனார். விமானம் போய்விட்டது. சிலர் சிரித்தார்கள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம விமானந்தான் சிஸ்டர். பயிற்சிக்குப் பறக்குறாங்க."

"தெரியும் டாக்டர்" என்றார் அவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் கையை மட்டும் இன்னும் விடவில்லை.

அன்று மத்தியானம் பஞ்சு மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "ரங்கூன்ல மொத நாளு விமானம் வந்தப்ப ஊரே ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்துச்சு. நானும் மாடியில நின்னேன். வெள்ளித் தகடாட்டம் மின்னுச்சு. அழகாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு வார்டுக்குத் தூக்கிட்டு வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு ரோட்டுல நின்னு பாத்தவங்க. சண்டைன்னா எல்லையில நடக்கும், பட்டாளத்தான் சாவான்னு நெனச்சிட்டிருந்தோம். மீன் விக்கிறவளையும் பால்காரனையும் அது தேடி வரும்னு யாருக்குத் தெரியும்?"

எங்கள் டாக்டர் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். நல்ல மனிதர், உலகத்தைப் பற்றி நம்பிக்கை உள்ளவர். வல்லரசுகள் தீவுகளில் வெடித்துப் பார்க்கும் புதிய குண்டுகளைப் பற்றி ஒருநாள் படித்துக் காட்டினார். "இவ்வளவு பெரிய குண்டு கையில இருந்தா இனிமே எவனும் சண்டைக்குப் போகமாட்டான், சிஸ்டர்" என்றார்.

"சிங்கப்பூர்ல பெரிய பீரங்கி இருக்குது, எவனும் கிட்ட வரமாட்டான்னு எங்கப்பாவும் சொல்லிட்டிருந்தாரு. அந்த ஊரையும் ஜப்பான்காரன் பிடிச்சிட்டான்" என்றார் ரத்தினம்மா. டாக்டர் வாய்விட்டுச் சிரித்துப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

அந்தப் பேச்சு வளர்ந்தபோதுதான் ரத்தினம்மா ஒரு வெள்ளைக்கார விமானப்படைப் பையனைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். விமானம் தீப்பிடித்து இரண்டு கைகளும் வெந்துபோய் அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அவனுக்குச் சோறூட்டுவதும் கட்டு மாற்றுவதும் ரத்தினம்மாவின் வேலை. ஜப்பான்காரர் பிடியிலிருந்த ரங்கூன் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டுத் திரும்பியவன் அவன். மேலிருந்து பார்த்தால் பெரிய பகோடா தங்கமாகத் தெரியும், ஆற்று வளைவை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்போம் என்று உற்சாகமாகச் சொன்னானாம். "அந்த வளைவுக்குப் பக்கத்துலதான் எங்க வீடு. அப்பா இன்னும் அங்கதான் இருக்காரு" என்றாராம் இவர். தகப்பனார் மில்லை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தார். பையன் தன் கைக்கட்டுகளைப் பார்த்தானாம். கடைசியில், "மேலிருந்து ஆட்கள் தெரியமாட்டார்கள்" என்றானாம்.

"பொய் சொல்லல அவன்" என்றார் ரத்தினம்மா. "கத்தி எடுத்துக் குத்துனவன் அந்தக் காலத்துல மூஞ்சியப் பாத்துத்தான் ஆகணும். இவனுக்கு ஊரு தெரியுது, ஆளு தெரியல."

"அப்புறம் அவனுக்கு என்ன செஞ்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"மறுநாள் காலையில கட்டு மாத்துனேன். வேற என்ன செய்வாங்க?"

தகப்பனாரைப் பற்றி யுத்தம் முடிந்த பிறகும் ஒரு தகவலும் வரவில்லை. எந்தப் பக்கத்துக் குண்டு, அல்லது குண்டேதானா என்பதும் தெரியாது. இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

உத்தனப்பள்ளிக் கிணற்று விபத்து உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிலக்காரர் திம்மராயப்பா கிணற்றை ஆழப்படுத்த பாறைக்கு வெடி வைத்திருந்தார். ஆட்கள் மேலே ஏறி ஒதுங்குவதற்கு முன்பே வெடித்துவிட்டது. அவருடைய மகன் கிருஷ்ணப்பாவை அவர்களுடைய பிளஷர் காரில் கொண்டுவந்தார்கள். கூலிக்காரர்கள் இருவரை, மாரப்பனையும் சென்றாயனையும், வழியில் வந்த கல் லாரி ஒன்று எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று.

கிருஷ்ணப்பாவின் கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தான். டாக்டரும் நானும் அவனுடைய ரத்தத்தை நிறுத்துவதில் இருந்தோம். ரத்தினம்மா மற்ற இருவரிடம் போனார். சென்றாயனுக்குத் தலை உடைந்திருந்தது. மாரப்பன் உடம்பில் காயமே தெரியவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருந்தான். அவன் வயிற்றில் கைவைத்துப் பார்த்த ரத்தினம்மா டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் தொட்டுப் பார்த்தார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. வயிற்றைத் திறந்து தைக்க எங்களிடம் வசதி கிடையாது. பெங்களூருக்குப் போக வேண்டும். இருந்தது ஒரு கார். அதில் ஒருவரைத்தான் படுக்கவைக்க முடியும். ஓசூரில் இன்னொரு வண்டி தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ரத்தினம்மா திம்மராயப்பாவிடம் போனார். "ஐயா, உங்க வண்டி வேணும்."

"எடுத்துக்கம்மா. பையன ஏத்துங்க. நான் எப்பவோ ரெடி."

"உங்க மகனுக்கு இல்லீங்க. மாரப்பனுக்கு."

கோபம் வந்தால் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது திம்மராயப்பாவின் வழக்கம். "என் பையன் காலு தொங்குது. அவன் சும்மா படுத்துனுகீறான். என் வண்டியில என் பையன் போவாம அவன் போறதா?" என்று முடித்தார்.

"உங்க மகன் கத்துறாரு. கத்துறதுக்கு மூச்சு இருக்குது. ரத்தத்தை நிறுத்தியாச்சு, அவர் காத்திருக்கலாம். அவனுக்கு வயித்துக்குள்ள ரத்தம் ஓடுது. காத்திருந்தா இருக்க மாட்டான்."

"காலு போயிட்டா?"

"போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் டாக்டரைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிங்க" என்றார் டாக்டர். அப்போது கட்டிலில் கத்திக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா சத்தத்தை அடக்கிக்கொண்டு சொன்னான்: "நைனா, மாரப்பன அனுப்பு. திரியில நெருப்பு வெச்சது நானு. அவுங்க ஏறிட்டாங்களான்னு பாக்கல."

திம்மராயப்பா மகனிடம் போய் அவன் தலையைத் தொட்டார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

சென்றாயனின் மனைவி லச்சுமம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரையும் ஏத்துங்க சாமி. ஓரமா நான் மடியில வெச்சிப் புடிச்சிக்கினு வரன்." ரத்தினம்மா திரும்பிப் போய்ச் சென்றாயனின் இமையை விலக்கி இரண்டு கண்களையும் இன்னொரு முறை பார்த்தார். வந்து லச்சுமம்மாவின் கையைக் கதவிலிருந்து எடுத்தார். "அவர் இங்கயே இருக்கட்டும்மா. நீங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க. காது கேக்கும்" என்றார். கார் போயிற்று. சாயங்காலத்துக்குள் சென்றாயன் இறந்துபோனார்.

மாரப்பன் பிழைத்து இன்றும் அதே கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிறான். கிருஷ்ணப்பாவுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. சீக்கிரம் போயிருந்தால் அது நேராகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கருமாதி முடிந்த பிறகு லச்சுமம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "எங்க ஊட்டுக்காரர ஏன் ஏத்தல?" என்று ரத்தினம்மாவிடம் கேட்டாள்.

"பிழைக்க மாட்டாருன்னு நான் முடிவு பண்ணேன்."

"அத முடிவு பண்ண நீ யாரு?"

நான் குறுக்கே புகுந்து, "விதிம்மா, நம்ம கையில என்ன இருக்குது" என்று ஆரம்பித்தேன். ரத்தினம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நான் யாரும் இல்லம்மா. வண்டி ஒண்ணுதான் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் முடிவு பண்ணித்தான் ஆகணும். அன்னிக்கு அது நான்."

லச்சுமம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். திட்டவில்லை. அழவுமில்லை. போய்விட்டாள்.

"விதி மேல போடாதீங்க கம்பவுண்டரே" என்றார் ரத்தினம்மா. "அவங்க என்னைக் கேட்டாங்க. பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும் இல்ல?"

அன்றுதான் அஸ்ஸாமைப் பற்றி முழுவதும் சொன்னார். காட்டுக்குள் எதிரி சூழ்ந்துகொண்ட பட்டாளங்களுக்கு விமானத்திலிருந்து அரிசி மூட்டைகளைத் தள்ளிவிடுவார்கள். சுற்றி வளைக்கப்பட்டால் சரணடைய வேண்டும் என்ற பழைய வழக்கம் அதோடு போயிற்று. வயலைச் சமன்செய்து போட்ட மைதானங்களில் சரக்கோடு இறங்கும் விமானங்கள், திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிவரும். போர்வையை விலக்கினால் ரத்தத்தில் அரிசி ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

"எங்க சித்தப்பா மொத யுத்தத்துக்குப் போனவரு" என்றார். "அடிபட்டவனை அப்பல்லாம் கோவேறு கழுதையிலயும் மாட்டு வண்டியிலயும் நாள் கணக்கா கொண்டாருவாங்களாம். பாதிப் பேரு வழியிலயே முடிஞ்சிடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றவன் பிழைக்கிற கட்டை. அஸ்ஸாம்ல அப்பிடியில்ல. காலையில காட்டுல குண்டு பட்டவன் மத்தியானம் என் முன்னால படுத்திருப்பான். வயித்துல பட்டவன், தலையில பட்டவன் எல்லாம் உசிரோட வந்தாங்க. எத்தனையோ பேரைக் காப்பாத்துனோம். ஆனா ஆபரேஷன் மேஜை கொஞ்சந்தானே? விமானத்து வாசல்ல நின்னு யாரை மொதல்ல அனுப்பறதுன்னு நான் சாக்கட்டியால ஸ்ட்ரெச்சர்ல குறி போடணும். முன்னெல்லாம் வழி முடிவு பண்ணுச்சு. விமானம் வந்தப்புறம் நாங்க முடிவு பண்ண வேண்டியதாப்போச்சு. குறி போடாம விட்டவங்கள்ல சில பேரு என்னைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அவங்க யாரும் என்னைக் கேள்வி கேக்கல. இந்த அம்மா ஒருத்திதான் கேட்டிருக்கா."

பிறகு எழுந்து வார்டுக்குப் போய்விட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றும் கலங்கவில்லை. ஆனால் அதன் பிறகு உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து யார் வந்தாலும் லச்சுமம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பார்.

மூச்சிரைப்பு அதிகமாகி வேலையை விட்டுத் தம்பி வீட்டுக்குப் பாரூர் போனபோது, பிரிவுபசாரம் செய்ய ரத்தினம்மா எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். வாய்க்கால் ஓரத்துக் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு விமானம் மிக உயரத்தில் கோடு போட்டுக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். நான் கவனிப்பதைக் கண்டு, "எங்க போறாங்களோ, நல்லபடியா இறங்கட்டும்" என்றார்.

காரியத்துக்கு மாரப்பன் குடும்பத்தோடு வந்திருந்தான். கிருஷ்ணப்பா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து மாலை போட்டார். டாக்டர் வந்தார். லச்சுமம்மா வரவில்லை. அவள் வரவேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

போன வாரம் பாம்பு கடித்த ஒருவரை அவருடைய தம்பி தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வெகுதூரம். டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். தம்பி மருந்து ஜன்னலுக்கு வந்து, "அண்ணன் பொழைக்குமாங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு, "டாக்டரைக் கேளுங்க, சாமி இருக்குது" என்றுதான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறேன். அன்று வெளியே வந்தேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பொழைக்க மாட்டாருங்க. போய்ப் பக்கத்துல இருங்க" என்றேன்.

ரத்தினம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து அண்ணனின் உடலை வண்டியில் ஏற்றியபோது அந்தத் தம்பி திரும்பி வந்து என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.