'யாரோட பாத்தீங்க?' என்று ஒரு கட்டம்

இன்று மதியம் ஸ்ரீரங்கத்தில், பெண்களின் வாழ்க்கையைப் பற்றிய படங்களை மட்டும் இரவல் தரும் நூலகத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டின் முன்னறையில் நடத்துகிறார்கள். படத்தைப் பென் டிரைவில் தருவார்கள்.

ஒரே நிபந்தனை, படத்தை இன்னொருவருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். திருப்பித் தரும்போது நோட்டில் 'யாரோட பாத்தீங்க?' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுத வேண்டும்.

எனக்கு முன்னால் நின்ற லால்குடிப் பெண் கேட்டார்: "மாமியாரோடதாங்க பாத்தேன். பாதியில தூங்கிட்டாங்க. எழுதலாமா?"

"குறட்டை விட்டாங்களா?" என்றார் நோட்டு வைத்திருந்த வசந்தா.

"இல்லங்க."

"அப்ப எழுதுங்க."

அடுத்தது நான். தனியாகத்தான் பார்த்தேன் என்றேன்.

"பக்கத்து வீட்ல யாரும் இல்லையாக்கா?"

"இருக்காங்க. பேர் கேட்டதில்ல."

முப்பது வருடம் பத்திரிகைச் செய்திக்காக ஊரார் பெயரையெல்லாம் கேட்டு எழுதியவள் நான்.

வசந்தா குரலைத் தாழ்த்தினார். "சும்மா ஏதாவது ஒரு பேர் போட்டுக்கவா?"

"வேண்டாம்மா. இல்லாத ஆளை எழுதக் கூடாது."

அவர் பென் டிரைவை என் பக்கமே நகர்த்தினார். "அப்ப இன்னொரு வாரம் வச்சிருங்க. யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கக்கா."

பஸ் பிடித்துத் திருவெறும்பூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரைக் கூப்பிடுவது என்று இதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் ஒன்றரை மணி நேரம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் வீட்டில் போடுகிறேன். காபி உண்டு.

லைக் போடுகிறவர்களின் பெயரை அந்த நோட்டில் எழுத முடியாது. நேரில் வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.