முந்தியில் ஒரு பச்சை இழை

பேய், பிசாசு, தெய்வச் செயல் என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். சின்ன வயதிலிருந்தே சந்தேகப் பிராணி. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் ஒரு கடையிலும் சாமான் வாங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுதும் கேட்ட பிறகு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி அப்படித்தான் பார்த்தாள்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட் அடித்துப் பெயிலாகிவிட்டேன். படிக்காமல் இல்லை, எல்லாம் தெரியும். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, பேனா தாளில் நிற்கவே இல்லை, மூன்று மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தெருவில் தெரிந்தால் சிரித்தே கொன்றுவிடுவார்கள். அப்பாவுக்கும் தெரியாது. அவர் சொன்னது ஒன்றுதான்: "செப்டம்பர்ல இன்னொரு தடவை எழுது. அதுலயும் போச்சுன்னா தறிக்குழியில எறங்கிரு. அப்பொறம் ஏறக் கூடாது." தெலுங்கில் சொன்னார், அது இன்னும் கடுமையாக இருந்தது.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு தறியில் என்னை உட்கார வைத்தார். பச்சை உடல், அரக்குக் கரை, சேலை. முதலில் நெய்தது முந்தி, அதாவது முந்தானை. புத்தி எங்கேயோ இருந்ததால் கரையில் அறுந்த அரக்கு இழைக்குப் பதிலாகப் பச்சை இழையை முடிந்துவிட்டேன். ஒரு சாண் நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. நல்ல நெசவாளி எவனும் செய்யாத தப்பு. அப்பா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நாலு முழம் நெய்திருப்பேன், அதோடு நின்றுவிட்டது.

தெரு முழுக்கத் தறிச் சத்தம், அதில் படிக்க முடியவில்லை. என்னோடு கோட் அடித்த ஞானராஜ், "எங்க ஊருக்கு வாலே, காக்கா கத்துறதத் தவிர ஒரு சத்தம் இருக்காது" என்றான். பரளச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவன் அப்பா அங்கே உபதேசியார், அதாவது பாதிரியார் வராத நாளில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். அப்பா ஒரு மாதம் விட்டார். எனக்கோ போகும்போதே சந்தேகம். சோறு போட்டுப் பெயரை மாற்றிவிடுவார்கள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். மோர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

கோயில் ஓட்டுக் கட்டடம், வார நாளில் காலியாகக் கிடக்கும், உள்ளே குளிர்ச்சி. அங்கேதான் படிப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் பகலில் உபவாச ஜெபம். அன்றைக்கு அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம். தினமும் உலை வைக்கும்போது யாருக்காவது வேண்டிக்கொண்டு ஒரு கைப்பிடி தானியம் தனியாக எடுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை அதை முந்தியில் முடிந்து கொண்டுவந்து கோயில் பானையில் கொட்டுவார்கள். மழையை நம்பிய காட்டில் அரிசி ஏது? எல்லாம் குதிரைவாலிதான்.

முதல் வெள்ளிக்கிழமை நான் வெளியே போகப் பார்த்தேன். "ஏலே, சும்மா வந்து உக்காரு. ஒன்னைய யாரும் கடிச்சிற மாட்டாக" என்று ஞானராஜ் இழுத்து உட்கார வைத்தான். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடி முணுமுணுத்தார்கள். நான் கண்ணை மூடவில்லை, மூடுவேனா? அந்த முணுமுணுப்புக்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. நம்பினால் நம்புங்கள், தெலுங்கு. அதுவும் எங்கள் தெருத் தெலுங்கு, அதே இழுவை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கக் கூடாது" என்றது.

கை நடுங்கிய கதையை நான் யாரிடமும் சொன்னதே இல்லையே!

ஜெபம் முடிந்ததும் ஞானராஜின் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "தெலுங்கா? இங்க யாரு தம்பி தெலுங்கு பேசப்போறா? எங்களுக்குத் தமிழே ஒழுங்கா வராது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தூக்கத்தில் உளறியிருக்கிறேன், ஞானராஜ் கேட்டிருக்கிறான், என்னை மடக்க அருப்புக்கோட்டையிலிருந்து யாரையோ கூட்டி வருகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். ஊருக்கு வருவது காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ் வரும்போது நானே போய் நின்றேன். இறங்கியது ஒரு ஆட்டு வியாபாரி மட்டும்.

அன்றைக்கும் குரல் கேட்டது. இந்தத் தடவை ஆளைப் பார்த்தேன். கடைசி வரிசை, சுவரோரம், முக்காடு போட்டு முன்னால் சாய்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. பச்சைச் சேலை, அரக்குக் கரை. காதுக்குப் பக்கத்தில் அந்தக் கரையில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை இழை ஓடியது.

என் தப்பு எனக்குத் தெரியாதா? அப்பா என்னைக் கைகழுவிவிட்டார், வேறு ஆளை வைத்துச் சேலையை முடித்து விற்றுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே, கணக்கு நோட்டை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி வீட்டுக்குப் போனேன். தறி நான் விட்டபடியே இருந்தது. மூடிய துணியின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. நாலு முழமும் நெய்த துணி சுற்றும் கட்டையில் இறுகச் சுற்றியபடி, அறுக்காமல் இருந்தது. அப்பா, "என்னடா மொறைக்கிற?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று எண்ணினேன். உள்ளே போன பெண்கள் பதினொரு பேர். நானும் உள்ளே போனேன். எல்லோரும் முழங்காலில் நின்றபோது எண்ணினேன், பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன், பன்னிரண்டு. வழக்கம்போல் அந்தக் குரல். எழுந்து போய் முக்காட்டை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என்ன ஆயிற்றென்றால், ஐந்து மாதமாக நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் உபதேசியார் யாருடைய ஆட்டுக்கோ சீக்கு தீர வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன், வெட்கமே இல்லை. அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. கண் திறந்தபோது எல்லோரும் எழுந்து தானியம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பெண்கள் பதினொரு பேர்.

பரீட்சை அன்று கேள்வித்தாளை வாங்கியதும் கை ஆரம்பித்தது. கண்ணை மூடி அந்த முணுமுணுப்பை நினைத்தேன். விரல் ஒவ்வொன்றாக அடங்கியது. பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

இதுவரைக்கும் கூட மனப்பிராந்தி என்று சொல்லிக்கொள்ளலாம். நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வருவதற்குள் அந்தச் சேலையை நெய்து முடி என்றார் அப்பா. முடித்தேன், அறுத்தேன், கட்டையிலிருந்து விரித்தேன். முந்தி உள்சுற்றில் இருந்ததால் கடைசியாக வந்தது. புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு, மனுஷர் உடம்பில் பட்டதே இல்லை. அதன் மூலையில் எதையோ இறுக்கி முடிந்து அவிழ்த்த சுருக்கம் இருந்தது. உதறினேன். சிமெண்டுத் தரையில் குதிரைவாலி விழுந்தது, ஐந்து தானிய மணி. எங்கள் வீட்டில் அன்றும் சரி, என்றும் சரி, குதிரைவாலி பொங்கியதில்லை.

எலி கொண்டுவந்திருக்கும் என்று பார்த்தேன். எலி முடிச்சுப் போடுமா? ஞானராஜ் வேலையா என்றால் அவன் எங்கள் வீட்டு வாசலையே மிதித்ததில்லை. அந்த நிமிஷமே பாஸ் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பேப்பரில் என் நம்பரை மூன்று தடவை பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரரை விட்டு நாலாவது தடவையும் பார்க்கச் சொன்னேன்.

நான் நெய்த கடைசிச் சேலை அது. அப்பா கடைக்குப் போட்டுவிட்டார், யார் வாங்கினார்கள் என்று தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் நான் இன்னும் ஏதாவது ஒரு கோயிலில் கடைசியில் போய் உட்காருகிறேன். பெயரை மாற்றச் சொல்லி இன்றுவரை யாரும் கேட்கவில்லை, அதுவே எனக்கு ஒரு சந்தேகம். பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே பச்சைச் சேலையைப் பார்த்தாலும் கண் கரைக்குப் போய்விடும். மனைவியிடம் இதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

ஒன்று மட்டும் இந்த வயதிலும் உறுத்துகிறது. அவள் அதை உடுத்தி வந்தபோது நாலு முழம்தான் நெய்திருந்தது. மீதியை நான் அதற்குப் பிறகுதான் நெய்தேன்.