படகு இறங்கும்போது கேட்ட கேள்வி

நான் எட்டாவதோடு நின்றவள். என் மகள் பொத்தேரியில் இதழியல் படிக்கிறாள். சொந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி எழுதி வரச் சொன்னார்களென்று, அன்று விடியற்காலையில் நோட்டோடு சதுரங்கப்பட்டினம் கரையில் நின்றாள். பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க பெரிப்பா? எப்ப திரும்புவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கடலுக்குப் போகிறவரிடம் அப்படிக் கேட்டால் ஆகாது என்பார்கள். கரையில் நின்ற அத்தனை பேர் முன்னால் நோட்டைப் பிடுங்கினேன்.

"அறிவு கீதாடி உனக்கு? இதத்தான் காலேஜுல சொல்லித் தராங்களா? போதும், நாளையிலேர்ந்து வூட்லயே கெட!"

அவள் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் படகை விட்டுவிட்டு வந்தார். அவரும் அவளைத் திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நோட்ட குடு தங்கச்சி. புயல்ல வலையெல்லாம் போச்சே, அப்ப எவனோ எங்கள கேக்காமயே பேப்பர்ல 'சேதம் இல்ல'ன்னு எழுதிட்டான். இதுவாவது கேட்டுகினு எழுதட்டும். இன்னா பாப்பா, கேளு."

அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடலைக் கும்பிட்டுப் போனார். அவர் படகு திரும்பக் கண்ணில் படும்வரை அங்காளம்மனை வேண்டிக்கொண்டே இருந்தேன். மதியம் நல்லபடியாகத் திரும்பினார்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மகளிடம், "நான் செஞ்சது தப்புதான்டி" என்றேன்.

"இதையும் எழுதிக்கவாம்மா?" என்று சிரித்தாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டுத்தானே எழுதுகிறாள்! "எழுதிக்கோ" என்றேன்.