நங்கையா சேர்த்த மறுபதிப்புகள்

கோழிப்பண்ணையில் முட்டைக்குள் உயிர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு பல்பு, மேலே சின்னதாய் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். இருட்டறையில் முட்டையை அந்த ஓட்டையின் மேல் வைத்தால் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும், தெரியாவிட்டால் கூமுட்டை. பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அண்ணன் நடத்திய பண்ணையில், தொண்ணூறுகளில் ஒரு மத்தியானம், முட்டை இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு என் நங்கையா மூச்சுகூட விடாமல் குனிந்திருந்தார். நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி. நான் கோயமுத்தூரில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமையானால் பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னைப் பார்த்ததும், "காத்தாடிய நிறுத்திப்போட்டு வாங்க அம்மணி, பறந்துரும்," என்றார்.

அது ஒரு தபால் தலை. வெள்ளைக்கார ராணியின் பக்கவாட்டு முகம், கீழே அரையணா என்ற எழுத்து, ஓரத்தில் பல் இல்லை. கத்தரியால் வெட்டியெடுக்கிற காலத்துச் சரக்கு. வெளிச்சத்தில் நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் வெறும் காகிதம்தான் தெரிந்தது. "ஒண்ணுமே தெரியலீங்களே நங்கையா," என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தெரியக் கூடாதாம். தாளுக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறி தெரிந்தால் அது அசல். தெரியாவிட்டால் மறுபதிப்பு. அவருக்கு வேண்டியது மறுபதிப்பு.

ஊரில் தபால் தலை சேர்க்கிறவர்கள் எல்லாம் அசலுக்கு நாயாய் அலைவார்கள். இவர் மட்டும் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபதிப்பைக் கேட்பார். சத்தியமங்கலத்தில் தபாலாபீஸ் வேலையில் இருந்தவர் மகள். இந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே பிடித்திருந்தது. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பழைய நாணயமும் தபால் தலையும் விற்ற பாய் ஒருவர், மறுபதிப்பு எது வந்தாலும் "பல்லடத்து அம்மாவுக்கு" என்று எடுத்து வைத்துவிடுவார். அசலைவிட இதைத் தேடிப் பிடிப்பதுதான் சில சமயம் கஷ்டம் என்று அந்த பாயே தலையில் கை வைத்துக்கொள்வார். அண்ணனுக்கோ சிரிப்பு. "உன்ற தபால் தலையும் கூமுட்டைதானா?" என்று கேட்டுப் பண்ணை ஆட்கள் முன்னால் கிண்டல் செய்வார். நங்கையாவும் சிரித்துக்கொள்வார்.

மறுபதிப்பு என்றால் கள்ளத் தலை இல்லை. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தலைகளை அச்சடித்து, அவை தபாலில் ஓடி ஓய்ந்து, பல வருஷம் கழித்து சர்க்காரே பழைய அச்சு மூலத்தைக் கொண்டு மறுபடி அச்சடித்திருக்கிறது. கடிதத்தில் ஒட்ட அல்ல; இப்படி ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்ள. முதலில் மை தடவியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். எங்கோ அலமாரியில் தூங்கிக் கிடந்ததை எடுத்து, வேறு யாரோ வேறு மை தடவி, வேறு தாளில் அழுத்தியிருக்கிறார்கள். அதே முகம் திரும்பி வந்திருக்கிறது! பல்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோழித் தீவன வாடைக்கு நடுவில் இப்படி ஒரு சிலிர்ப்பு வரும் என்று யார் கண்டது?

நங்கையா எங்கள் வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவர். மூத்தவர் நோயில் போய்விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை மூத்தவருக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அந்தச் சேலையை நங்கையாவே கடைக்குப் போய், தனக்கு எடுப்பதைவிட அதிக நேரம் புரட்டிப் பார்த்து எடுத்து வருவார். மூத்தவர்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று போகும் இடங்களில் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஆள் மாறியது தெரியாமல் மூத்தவர் பெயரைச் சொல்லி இவரைக் கூப்பிடுவார்கள். அண்ணன் திருத்த மாட்டார், தலையை ஆட்டிவிடுவார். இரண்டாந்தாரம் என்று சொன்னால் சபையில் இவருக்கு மதிப்புக் குறையும் என்று அவர் கணக்கு. பாசத்தில்தான் செய்தார், பாவம். ஒருமுறை அப்படி ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, "என்ற பேரு சொல்லி ஒரு ஆளு கூப்பிட்டா நல்லா இருக்குமுங்க அம்மணி," என்று மட்டும் என்னிடம் சொன்னார். வேறு எதையும் அந்த வீட்டில் அவர் கேட்டு நான் அறியேன்.

கடைசியில் பாய், நங்கையா வெகுகாலம் தேடிய நாலணாத் தலையின் மறுபதிப்பைக் கொண்டுவந்தார். சிவப்புச் சட்டத்துக்குள் நீலத்தில் ராணியின் தலை. அதையும் சேர்த்து ஒரு சட்டகம் நிறைந்ததும், கோயமுத்தூரில் நடந்த தபால் தலைக் கண்காட்சியில் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நங்கையா ஒவ்வொரு தலைக்கும் கீழே தன் கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி நிறுத்தினார்: 'மறுபதிப்பு. பழைய மூலத்திலிருந்து பிற்காலத்தில் அச்சானது.' அதற்கும் கீழே தன் பெயர். வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்த அண்ணன், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி வாசலுக்கும் சட்டகத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

நானும் நங்கையாவும் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் சட்டகத்தைச் சுற்றி ஒரே கூட்டம். வயசான ஒருவர் பூதக்கண்ணாடியோடு நாலணாவின் மேல் கவிழ்ந்திருந்தார். "இதை நேர்ல பாப்பேன்னு நெனைக்கவே இல்லீங்க," என்றார். அப்போதுதான் கவனித்தேன், அட்டைகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அண்ணன் திருப்பி வைத்திருக்கிறார். கூட்டமே நங்கையாவைப் பார்த்தது. ஒரு தலையாட்டல் போதும், அன்றைக்கு அவர்தான் அந்த மண்டபத்துக்கு மகாராணி.

"அது அசல் இல்லீங்க ஐயா, மறுக்கா அச்சடிச்சது," என்றார் நங்கையா. அட்டைகளை ஒவ்வொன்றாக நிதானமாகத் திருப்பத் தொடங்கினார். பெரியவர் கண்ணாடியை மடக்கிப் பைக்குள் வைத்தார். கூட்டம் கலைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வருத்தத்தில் அல்ல. இப்படி ஒரு மனுஷியோடு ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோமே என்ற பிரமிப்பில்.

அண்ணன் கிட்டே வந்து, யாரும் குறைவாகப் பேசிவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்துபோட்டேன் என்று முனகினார்.

"கொறவுன்னு நீங்கதானுங்க நெனச்சீங்க," என்றார் நங்கையா. "நான் ஒருநாளும் நெனைக்கலீங்க." கோபம் துளியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அண்ணனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, இதெல்லாம் யார் சேர்த்தது என்று கேட்டார். நங்கையா வாயைத் திறக்கும் முன் அண்ணன் முந்திக்கொண்டார். "எல்லாம் மறுபதிப்புங்க. அசலைவிட மெனக்கெட்டுத் தேடி எடுக்கோணும். சேத்துனது என்ற ரெண்டாவது சம்சாரம்," என்று சொல்லி, சற்றுத் தயங்கி, நங்கையாவின் பெயரைச் சொன்னார். அந்நியர் ஒருவர் முன்னால் அந்தப் பெயரை அண்ணன் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. கடைசி அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்த நங்கையாவின் கை அப்படியே நின்றுவிட்டது.