கையில் வாங்காத பிளாப்பி

எண்பதுகளின் கடைசியில், தேனியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். திரையில் தமிழ் எழுத்து வரவைக்கும் புரோகிராம் ஒன்றைச் சுருளிப்பட்டி வாத்தியார் ஒருவர் தானே எழுதிக் கொண்டுவந்தார். கறுப்பு பிளாப்பி டிஸ்க் ஒன்றில் இருந்தது. விலை கிடையாது என்றார்.

முதலாளி கையை நீட்டவில்லை.

"மேசையில வைங்க சார்."

சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர் அவர். எள்ளையும் எண்ணெயையும் யார் கையிலிருந்தும் நேராக வாங்கமாட்டார். வாங்கினால் கொடுத்தவரின் தோஷத்தையும் ஏற்றுக்கொண்டதாகிவிடுமாம். வைத்ததை எடுத்தால் ஒன்றுமில்லை.

புரோகிராம் திறந்ததும் வாத்தியார் பெயரும் மூன்று வரிகளும் வந்தன. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். பயன்படுத்துகிறவர் இதற்குச் சம்மதித்தவர்.

வாத்தியார் போனதும் முதலாளி சொன்னார்: "அந்தப் பேரையும் வரிகளையும் அழிச்சிருங்க தம்பி. நம்ம சரக்குன்னு கம்பத்துல விக்கணும்."

"சம்மதம்னு போட்டிருக்கே?"

"கையெழுத்துப் போட்டமா? கையிலகூட வாங்கல."

அழித்தேன். உடைந்து வந்த சில எழுத்துகளையும் திருத்தினேன்.

அடுத்த ஆண்டு ஒரு பெண் முதலாண்டு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வந்தார். தாளில் வாத்தியாரின் பெயர் இருந்தது. வந்தவர் அவருடைய அக்காவாம். வாத்தியார் இறந்ததே எங்களுக்குத் தெரியாது.

அவர் எழுத்திலேயே அவர் பெயரை அடித்தேன். முதல் தாளின் அடியில் நான் அடிக்காத ஒரு வரி இருந்தது: பயன்படுத்துகிறவர் இதற்குச் சம்மதித்தவர்.

கோப்பில் தேடினேன். இல்லை. வேறொரு கடிதத்தை அச்சிட்டேன். அதில் வரவில்லை. நோட்டீசை மறுபடி அடித்தேன். வந்தது. வெளியே மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தாளை எடுத்துப் படித்தார்.

"இது என் தம்பி எழுதுனதுல்ல? வீட்டுல இருந்த பிளாப்பியெல்லாம் பூஞ்சை புடிச்சு ஒண்ணுகூட ஓடல. உங்ககிட்ட இருக்கறதை, திருத்தியிருந்தா அதோட குடுங்க."

"நாங்க எதுக்கும் ஒத்துக்கிடலம்மா." முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. "அவுக வச்சிட்டுப் போனாக. நாங்க எடுத்துக்கிட்டோம்."

"எடுத்து ஓட்டுனீகல்ல?"

முதலாளி குனிந்து தாளின் அடியில் இருந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு என்னிடம் பிரதி எடுக்கச் சொன்னார். அழித்த பெயரையும் மூன்று வரிகளையும் யாரும் கேட்காமலே அதில் திரும்பச் சேர்த்தேன். முதலாளி பிளாப்பியை என்னிடம் வாங்கி, எழுந்து நின்று, அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கை நீட்டவில்லை.

"மேசையில வைங்க."

வைத்தார். அக்கா எடுத்துக்கொண்டார். அந்த வரி இருந்த இரண்டு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தார். மிச்ச நோட்டீஸ்களை அவர் காத்திருக்கும்போதே அடித்து முடித்தேன். ஒன்றில்கூட அந்த வரி வரவில்லை.